பனி விடுமுறையும் பர்ரியா சாரும்

காலை ஏழு மணிக்குக் கல்லூரியிலிருந்து செய்தி வந்தது: கடும் பனிப்பொழிவு, வகுப்புகள் இல்லை. மறுநாள் முதல் குளிர்கால விடுமுறை வேறு. ஆக, எனக்குப் பதினைந்து நாள். நாட்டின் தென்கோடியில் இருக்கும் கொயைக்கே நகரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பனி என்பது படுத்துக்கிடக்க அரசாங்கமே கொடுக்கும் அனுமதி. பத்து மணி வரை தூக்கம், துருக்கி சீரியலில் எண்பது பகுதிகள், நடுவில் ஒருநாள் வெந்நீர் ஊற்று. இப்படி ஒரு கடுமையான வேலைத்திட்டம் வைத்திருந்தேன்.

இடைஞ்சல் ஒன்றுதான். மண்ணியல் அறிக்கையை அன்றைக்கே கணினிவழி அனுப்ப வேண்டும். அந்தப் பாடம் எடுக்கும் பர்ரியா சாரின் அகராதியில் பனி, பூகம்பம் எல்லாம் காரணங்களே அல்ல. நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஆகவே மிகுந்த பணிவோடு ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: 'நேற்று இரவிலிருந்து மின்சாரம் இல்லை. விடுமுறை முடிந்ததும் தருகிறேன்.' மனச்சாட்சி உறுத்தியதா என்றால், அது அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

அறைத்தோழி யாஸ்னா, வடக்கே அரிக்கா பாலைவனத்துக்காரி. தன் அறிக்கையை முந்தின வாரமே கொடுத்துவிட்ட பிறவி அவள். பனியைக் கண்டாலே உற்சாகத்தில் பொங்கிவிடுவாள்.

"எழுந்திரு நெல்டா! பொம்மை செய்யலாம், சறுக்கலாம், படம் எடுக்கலாம்!"

"நீ போய் எடுத்துட்டு வா. நான் வீட்லேர்ந்தே ரசிக்கிறேன்."

அவள் வாசலுக்கு ஓடியபோது தலைக்குமேல் இடி மாதிரி ஓர் ஓசை. தகரக் கூரையின் பனி மொத்தமும் சரிந்து இறங்கியது. கதவைத் திறந்தால் எதிரே ஆளுயர வெள்ளைச் சுவர். பின்கதவை வீட்டுச் சொந்தக்காரர் விறகு அடுக்கியே மூடியிருந்தார். அவரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

எனக்கு இதில் குறை எதுவும் தெரியவில்லை. அடுப்பு எரிந்தது, மாத்தே என்னும் மூலிகைத் தேநீர் இருந்தது, சீரியலில் கதாநாயகிக்கு நினைவு திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் யாஸ்னா, "மூச்சு முட்டி செத்துருவோம்டி!" என்று அலறித் தீயணைப்புப் படைக்குப் போன் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊர்களில் தீயணைப்புப் படை என்றால் சம்பளம் இல்லாத தொண்டர்கள்தான். ரொட்டிக்கடைக்காரர் இருப்பார், பல் மருத்துவர் இருப்பார். கால் மணி நேரத்தில் நால்வர் மண்வெட்டியோடு வந்து பனியை வெட்டி வழி செய்தார்கள். முதலில் உள்ளே வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

பர்ரியா சார்.

மேலே மூன்று விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. மின்கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் கதாநாயகி, "என்னை ஏமாத்திட்டியே!" என்று கதறினாள்.

சார் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். "இங்க கரண்ட் இருக்கு போலிருக்கே?"

"இப்பதான் சார் வந்துச்சு."

"போகவே இல்லையே சார்!" என்றாள் யாஸ்னா, உலகத்துக்கு உண்மை சொல்லவே பிறந்தவளாக. "எங்க ஊர்லதான் அடிக்கடி போகும்."

மற்ற மூவரும் அவசரமாகத் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். என் காது இரண்டும் எரிந்தன. சார் மட்டும் நாற்காலியில் அமர்ந்து நான் நீட்டிய மாத்தேயைக் கடைசிவரை உறிஞ்சினார்.

"சாயந்திரம் ஆறு மணி," என்றார். "அப்புறம் இன்னொண்ணு. வயசானவங்க வீட்டுக் கூரையெல்லாம் நாளைலேர்ந்து சுத்தம் பண்றோம். ஆள் பத்தல."

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம் சார்!" என்று யாஸ்னா என் கையையும் சேர்த்துத் தூக்கினாள். அந்தச் சூழ்நிலையில் கையை இறக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அறிக்கையை அனுப்பினேன். கிடைத்த மதிப்பெண் ஏழுக்கு நான்கு புள்ளி ஒன்று. நாலு எடுத்தால் தேர்ச்சி. அந்தப் புள்ளி ஒன்று மாத்தேக்காக இருக்கலாம்.

மறுநாளிலிருந்து கூரை கூரையாக ஏறினோம். முதல் நாளே உள்ளங்கை கொப்புளித்தது. கண்பார்வை மங்கிய செகுந்தோ என்ற பெரியவர் கீழே நின்றபடி, நான் வெட்டுவதே தப்பு என்று இரண்டு மணி நேரம் விளக்கினார். பிறகு எண்ணெயில் பொரித்த ரொட்டியை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, நாங்கள் தின்னும் வரை நகரவே இல்லை. அவர் வீட்டுக்கு ஆள் வந்தே மூன்று வாரமாம்.

நான்காம் நாள் இரவு யாஸ்னா கேட்டாள்: "நாளைக்கு நீ வரலைன்னு சொல்லிரவா?"

"சொல்லிடு," என்றேன்.

காலையில் அவளுக்கு முன்பே பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை. ரொட்டி நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.