பிரியாத ஓரம்

அன்று, இழுத்துப் பார்த்து உறுதியைச் சோதிக்கும் இயந்திரத்தில் மாட்டிய தாள் பைகளில் ஒன்றுகூட ஓரத்தில் பிரியவில்லை. தாள்தான் கிழிந்தது, ஒட்டிய இடம் அப்படியே நின்றது. இதைப் பார்க்கத்தான் ஹென்ரிகே இத்தனை வருடம் காத்திருந்தாள். பார்த்த பிறகு துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. எங்காவது உட்கார்ந்தால் தேவலை என்றிருந்தது. பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் டிராம் பாதை முடிகிற இடத்தில் இருந்தது அந்த ஆய்வுக்கூடம். தாளைத் தாளோடு ஒட்டவைப்பது அங்கே அவளுக்கு வேலை. பசை கூடாது, பிளாஸ்டிக் பூச்சும் கூடாது. பழைய தாளைக் கரைத்து மறுபடி தாளாக்குகிறவர்களுக்கு அவை இரண்டும் பெரிய தொல்லை. அதனால் தாளின் ஓரத்தை லேசர் ஒளியால் மெல்ல வருடுவார்கள். மரத்திலிருந்து தாளுக்குள் வந்து தங்கியிருக்கும் பொருள்கள் அந்தச் சூட்டில் உடைந்து, பளபளவென்று மெல்லிய படலமாகும். பிறகு இரண்டு ஓரங்களையும் சேர்த்துச் சூடான இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் அழுத்தினால் படலம் பாகுபோல இளகி, ஆறும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஒளி கொஞ்சம் கூடினால் தாள் கருகும், கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது. கோடையில் ஒட்டியது நவம்பர் ஈரத்தில் வாய் பிளக்கும். ஹென்ரிகேயின் ஐம்பதாவது பிறந்தநாள்கூட இதற்கு நடுவில்தான் வந்து போனது.

குழுவின் தலைவன் தோர்ஸ்டன் அவளைப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போய்த் தூங்கு. உன் மூஞ்சியப் பாத்தா ஜெயிச்ச மாதிரியே இல்ல," என்றான். சோதனைக்காக ஓட்ஸ் நிரப்பியிருந்த பைகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளவும் சொன்னான். அவளும் ஒன்றைக் கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில் வைத்தாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

அவள் கணவன் ஐக்கே டிராம் ஓட்டியவன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவனுடைய வலது கை சொன்னபடி கேட்பதில்லை. கால் பரவாயில்லை, வீட்டுக்குள் நடப்பான். காலையில் அவள் ரொட்டியை அறுத்து, வெண்ணெய் தடவி, தட்டால் மூடி வைத்துவிட்டுக் கிளம்புவாள். சாயங்காலம் திரும்பி வந்து உருளைக்கிழங்கு வேகவைப்பாள். புளிக்கவைத்த பாலாடையும் ஆளிவிதை எண்ணெயும் அதற்குத் துணை. இரண்டு வேளைக்கும் நடுவில் அவன் என்ன செய்கிறான் என்று கேட்கிற தெம்பு அவளுக்குப் பல நாள் இருந்ததில்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது சமையலறைத் தரை முழுக்க ஓட்ஸ் இறைந்து கிடந்தது. நடுவில் ஐக்கே கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். கீழுதட்டில் தாள் கீறிய ரத்தம் காய்ந்திருந்தது.

"விழுந்துட்டியா?"

"இல்ல. பொறுக்கலாம்னு உக்காந்தேன். எந்திரிக்க முடியல."

தானே கஞ்சி வைத்துக் குடிக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பையை முழங்காலில் இடுக்கி இழுத்துப் பார்த்திருக்கிறான். பிறகு பல்லால் கடித்து இழுக்க, பை நடுவயிற்றில் கிழிந்துவிட்டது.

"கத்தரிக்கோல் இருக்கே, ஐக்கே."

"இருக்கிற ஒரு கையால பையப் பிடிக்கவா, கத்தரிக்கோலப் பிடிக்கவா?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் ஒட்டியிருக்க. வாழ்த்துகள்," என்றான்.

அந்த நேரத்துக்கு அவன் எதைச் சொல்லியிருந்தாலும் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அக்குளில் கை கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது. கோட்டைக் கழற்றாமலே தரையைக் கூட்டினாள். அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை, ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

அடுத்த வாரம் வீகாண்ட் மேடம் வந்தார். எல்பே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு தானிய ஆலைக்கு தானியத்தைப் பைகளில் அடைக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஜலதோஷத்தோடு வந்திருந்தார். பைகளை இழுத்துப் பார்த்தார், தண்ணீர் தெளித்து மறுபடி இழுத்தார், முகம் மலர்ந்தது. வசந்தத்தில் ஆலையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். தோர்ஸ்டன் காப்பி ஊற்றத் தொடங்கினான். ஹென்ரிகே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்திருக்கும்.

"இத ஒரு கையால திறக்க முடியாது," என்றாள்.

வீகாண்ட் மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுல பாதிப் பை ரெண்டு கையாலயே திறக்க மாட்டேங்குது. அதுக்கெல்லாம் யாரு புகார் எழுதறாங்க?" பிறகு ஹென்ரிகேயின் முகத்தைப் பார்த்து, "யாருக்கு ஒரு கை?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரருக்கு."

வீகாண்ட் மேடம் பையை இன்னொரு தடவை கையில் எடுத்துப் பார்த்தார். அப்புறம் அவர், ஒரு கையால் திறக்கிற மாதிரி செய்து காட்டுங்கள், ஆனால் லாரிக் குலுக்கலில் ஒன்றுகூடத் திறக்கக் கூடாது, வசந்தத்துக்கு மேல் என்னால் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தோர்ஸ்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இத்தன வருஷம் பிரியக் கூடாதுன்னு செத்தோம். இப்போ பிரியணுமா? எனக்கு அலுத்துப்போச்சு, ஹென்ரிகே," என்றான்.

"எனக்கு மட்டும் என்ன?" என்றாள் அவள்.

வீட்டில் ஐக்கேயிடம் கேட்டாள், வாரத்தில் ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து பைகளைத் திறந்து பார்க்கிறாயா என்று. சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் உன் சோதனை எலி இல்ல. அன்னிக்கு எனக்குப் பசிச்சுது. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் தன் வலது கையை மடக்கிக் கம்பளிச் சட்டைக்குள் விட்டு, கழுத்துத் துணியால் வரிந்து கட்டிக்கொண்டாள். தினமும் வேலை முடியும் வரை அவிழ்ப்பதில்லை என்று முடிவு. பைகள் கிடக்கட்டும், கதவே பெரும்பாடாக இருந்தது. கையில் ஒரு சாமான் இருந்தால் கைப்பிடியைத் திருக முடியாது, சாமானைக் கீழே வைத்துத் திறந்து, காலால் கதவைத் தாங்கி, குனிந்து எடுக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய் வந்தபின் காற்சட்டைப் பொத்தானை மாட்ட முடியாமல் அங்கேயே நின்று போராடினாள். மத்தியானத்துக்குள் இடது தோள் இறுகிப்போய்விட்டது. தோர்ஸ்டன் முதலில் கிண்டல் செய்தான். பிறகு அவளுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தான். அந்த வாரக் கடைசியில் அவனும் ஒரு கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

முதலில் ஒரு மூலையில் மட்டும் ஒளிக்கோடுகளை நெருக்கமில்லாமல் போட்டார்கள். பை சுலபமாகத் திறந்தது. லாரிபோலக் குலுங்கும் சோதனை மேசையில் வைத்தால் அத்தனையும் திறந்துகொண்டது. ஓட்ஸைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினார்கள். கோடுகளைக் கொஞ்சம் நெருக்கினால் பை திறக்கவில்லை, விலக்கினால் குலுக்கலில் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் வந்து போனது, ஆற்றோரத்தில் பனி கரைந்து சேறானது. கடைசியில் ஒரு பக்கத் தாளை நாக்குபோல நீட்டி விட்டார்கள். ஒட்டிய ஓரத்தையும் நேர்கோடாக இல்லாமல் அம்பு முனைபோல வளைத்தார்கள். பையை மேசை விளிம்பில் வயிற்றால் அணைத்துக்கொண்டு நாக்கை இழுத்தால், விசை முழுக்க அந்த முனையில் விழுந்து அங்கிருந்து பிரியத் தொடங்கியது. உள்ளேயிருந்து தள்ளுகிற பாரமோ ஓரம் முழுக்கப் பரவியதால் பை குலுக்கலையும் தாங்கியது. எல்லாம் தாங்கிவிடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கசிந்தன.

வீகாண்ட் மேடம் கசிந்தவற்றை வெகுநேரம் பார்த்தார். சின்ன ஓட்ஸ் பைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இயந்திரத்தை மெதுவாகத்தான் ஓட்ட முடியும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். தோர்ஸ்டன் பெரிதாக எதிர்பார்த்திருந்தான். கை குலுக்கி அனுப்பிவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தான்.

ஹென்ரிகே வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். அலமாரியின் மேல் அடுக்கிலிருந்து தட்டுகளை எடுக்கக் கையை உயர்த்தியவள், பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினாள். மேசையருகே இருந்த ஐக்கே அதைப் பார்த்துவிட்டான்.

"இடது தோளா?"

"ம்."

"என்ன பண்ணின?"

கையைக் கட்டிக்கொண்டதை அவள் சொன்னாள். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் நாற்காலியைக் காலால் தள்ளி, "உக்காரு," என்றான். பின்னால் நின்று, தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஓரிடத்தில் இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினான். சரியாக அங்கேதான் வலித்தது.

"முதல் மாசம் எனக்கும் இங்கதான்," என்றான். "ராஸ்கல் வலி. தூங்கவே விடாது."

"ஏன் சொல்லல?"

"நீ செத்துச் சுண்ணாம்பா வந்து நிப்ப. உன்கிட்டப் போய் இத வேற எப்படிச் சொல்றது?"

அவள் மேசைமேல் கையை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். அவள் மூச்சு சீரானதும் விரலை எடுத்தான். பானையில் தண்ணீர் பொங்கி வழிந்தது. மெல்ல நடந்துபோய் அடுப்பை அணைத்தான்.