நகரும் உப்பு

செடிக்காரி கிணற்றிலிருந்து வாளியைத் தூக்கினாள். பேனா மாதிரி இருந்த உப்பு மீட்டரைத் தண்ணீரில் நனைத்து, எண் நிலைக்கும் வரை பொறுத்து, ஜன்னல் கட்டையில் விரித்திருந்த கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைத்தாள். குறுக்கே மணி, மேலே உப்பு. நாளுக்கு ஒரு பட்டையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை மணிக்கொரு புள்ளி. பள்ளிக்கூடத்தில் வரைபடம் என்றாலே தலைவலி வந்தவள், இப்போது அடுப்பில் பால் பொங்கினாலும் புள்ளியை வைத்துவிட்டுத்தான் திரும்புகிறாள். காரணம் ஒன்றுதான், ஓரகத்தியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அண்ணன் தம்பி இருவர் வீட்டுக்கும் நடுவில் அந்த ஒரே கிணறு. மூத்தவள் பின்பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருந்தாள், இளையவள் முன்பக்கம் சலவைக் கடை. கொஞ்ச நாளாக ரோஜாக் கன்றுகள் இலை நுனி கருகி, வரிசை வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தன. தண்ணீரை வாயில் வைத்தால் கரித்தது. "நீ மோட்டாரப் போட்டு உறிஞ்சு உறிஞ்சுன்னு உறிஞ்சினா உப்பு வராம சர்க்கரையா வரும்?" என்று செடிக்காரி முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். சலவைக்காரி வேறு தெருவில் இடம் பார்த்துவிட்டாள், நாளைக் காலையில் வேன் வருகிறது. அண்ணனும் தம்பியும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை அதுதான்.

முதல் இரண்டு பட்டைகளைப் பார்த்தபோது செடிக்காரிக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. பத்து மணிக்கு மோட்டார் ஓடும், அடுத்த மணியிலேயே உப்பு ஏறும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அடுத்தடுத்த பட்டைகளில் உச்சிப்புள்ளி மெல்ல வலப்பக்கம் நகர ஆரம்பித்தது. கள்ளி, நேரத்தை மாற்றிவிட்டாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டார் வழக்கம்போலப் பத்து மணிக்கே இருமியது. இன்றைக்கோ, மூட்டை கட்டுகிற வேலையில் மோட்டாரே போடவில்லை. அப்படியும் மத்தியானம் தாண்டி உப்பு ஏறியிருந்தது, இதுவரை இல்லாத உயரத்துக்கு. செடிக்காரிக்கு எரிச்சலாக வந்தது. பென்சிலை எடுத்து உச்சிப்புள்ளிகளை மேலிருந்து கீழாக இணைத்தாள். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல ஒரே சாய்கோடு.

அந்த வீட்டில் ஒருவரும் எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்காகச் செய்தது கிடையாது.

படகு ஓட்டும் கணவன் அப்போதுதான் சாப்பிட வந்தான். சோற்றைப் போட்டபடி, "ஏன் தினமும் லேட்டாகுது?" என்றாள்.

"தண்ணி ஏறினாத்தான கழிமுகத்துல படகு நகரும்? நேத்தவிட இன்னிக்கு முக்கால் மணி நேரம் தள்ளித்தான் ஏறுச்சு. நாளைக்கு இன்னும் தள்ளும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "எத்தன நாளா இப்படி?"

"உலகம் உண்டான நாள்லேருந்து."

அவள் தாளைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். எந்தக் கிழமை எப்போது தண்ணீர் முழுசாக ஏறியது என்று கேட்கக் கேட்க, அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். அவள் சிவப்புப் பென்சிலால் குறித்தாள். ஒவ்வொரு பட்டையிலும் சிவப்புக் குறி முதலில் விழுந்தது, சற்றுத் தள்ளி உப்பு பின்னாலேயே வந்தது. கடல் ஏறுகிறது, மண்ணுக்கடியில் நுழைந்து வர அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. சோறு கையிலேயே காய, அவனும் குனிந்து பார்த்தான்.

"ஏன்டி, நம்ம கிணத்துக்குள்ளயா கடல் வருது?"

"நீங்க முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ உப்பப் பத்திப் பேசின. கடலப் பத்தி எங்க கேட்ட?"

அவள் அதைக் கேட்க அங்கே இல்லை. செருப்புகூடப் போடாமல் முற்றத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், யாரிடமாவது உடனே காட்டாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் இருந்தவளோ ஒரே ஒருத்தி.

சலவைக்காரி விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "வேன் காலைல வந்துரும்க்கா" என்றாள். செடிக்காரி இஸ்திரி மேசையில் தாளைப் போட்டு, மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். இளையவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்ப நான் இல்ல."

"நீ இல்ல. உன் மோட்டாரும் கொஞ்சம் இழுக்கும், என் ஹோசும் இழுக்கும். கடல் ஏறுற நேரத்துல ரெண்டு பேருமே கை வைக்காம இருந்தா நல்ல தண்ணி கிடைக்கும்."

"இந்தக் கோடு மட்டும் இப்படி விழலன்னா?"

செடிக்காரிக்குப் பொய் சொல்லத் தோன்றியது, ஆனால் நாக்கு எழவில்லை. "அனுப்பியிருப்பேன்" என்றாள்.

இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விட்டது. சலவைக்காரி அதை நிமிர்த்தி வைத்தாள். அவள் விரல் சாய்கோட்டின் மேல் மெதுவாக இறங்கி, இன்றைய பட்டையைத் தாண்டி, ஒன்றும் எழுதாத இடத்தில் நின்றது.

"நாளைக்கு இங்கயா வரும்?"

"அங்கதான் வரணும்."

இளையவள் துணிக்குக் குறி போடும் பேனாவை எடுத்து, நாளைய பட்டையில் உள்ளே காலியாக ஒரு வட்டம் போட்டாள். இன்றைய புள்ளியைவிட ஒரு கட்டம் மேலே.

"ஏன் மேல போட்ட?"

"பௌர்ணமி வருதுல்ல. கடல் இன்னும் பொங்கும். உப்பும் கூடத்தான வரும்?"

இது தனக்குத் தோன்றவில்லையே என்று செடிக்காரிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. இளையவள் அவளைக் கவனிக்கவில்லை. அடுத்த பட்டையில் ஒரு வட்டம் போட்டாள், அதற்கடுத்த பட்டையில் இன்னும் சற்றுத் தள்ளி இன்னொன்று. கட்டிய மூட்டைமேல் முட்டியை ஊன்றிக்கொண்டு, தாளின் அடிவிளிம்பு வரை போய்விட்டாள். பேனா மேசை மரத்தைத் தொட்டது.

"வேற தாள் இருக்காக்கா?"