கம்பி கட்டிய வாயும் மாம்பழ ஸ்மூத்தியும்

டாக்ஸி கம்பெனியில் அவளை ஸ்பீக்கரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவர்கள் வைத்த பெயர். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் அவள் வாய் ஓயாது. எந்தத் தெரு, எந்த வாசல், எத்தனை பெட்டி என்று ஒரு போனில் கேட்டுக்கொண்டே இன்னொரு போனில் டிரைவரின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா என்று விசாரித்துவிடுவாள். முடிந்தது என்று தெரிந்தால் அடுத்த அரை மணியில் ஊரில் ஓடுகிற அத்தனை டாக்ஸிக்கும் அந்தச் சேதி போய்விடும். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்த விஷயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

விழுந்ததும் பேசிக்கொண்டிருக்கும்போதுதான். ஆபீஸ் படிக்கட்டை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு இறங்கியவள் வழுக்கி, கைப்பிடிக் கம்பியில் தாடையை மோதிக்கொண்டாள். தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து போயிருந்தது. டாக்டர் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார். ஆறு வாரம் அப்படியே இருக்க வேண்டும், எல்லாமே ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பதுதான் என்றார்.

"பேசலாமா டாக்டர்?" என்று அவள் கணவர் கேட்டார்.

"ம்ம்னு முனகலாம்."

கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த மனைவியின் கண்ணைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார். அந்தச் சமயம் பார்த்து நீண்ட டிரிப் ஒன்று வந்து நின்றது. தட்டிக்கழிக்க முடியவில்லை. தங்கைக்குப் போன் போட்டார். தங்கை ஒரு பையில் நாலு உடுப்பை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

நாத்தனார் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை பார்க்கிறாள். முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஊரின் மறுகோடியில் வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். பேச்சு என்றால் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி அளந்துதான் எடுப்பாள். இத்தனை வருஷமும் இருவருக்கும் நடுவில் நடந்த உரையாடல் என்னவென்றால், அண்ணி பேசுவாள், நாத்தனார் "ம்", "சரிங்க அண்ணி" என்பாள். சண்டை கிடையாது. ஒட்டுதலும் கிடையாது.

முதல் வாரம் வடிகட்டிய சூப்பிலேயே போனது. காய்கறி சூப், பருப்பு சூப், மறுபடி காய்கறி சூப். எல்லாவற்றுக்கும் ஒரே ருசி, ஒரே வெதுவெதுப்பு. கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். ஸ்பீக்கரக்காவுக்கு அதைத் தவிர வேறு வழியே இல்லாமல் போனது. போனில் தட்டெழுதினால் வாசித்துக் காட்டுகிற வசதி ஒன்று இருந்தது. 'அய்யோ, இந்த சூப்பைக் கொண்டுபோய்க் கொட்டித் தொலை' என்று ஆத்திரத்தோடு தட்டினால், உள்ளே இருந்த பெண்குரல் அதை மழை நிலவரம் சொல்வதுபோல நிதானமாக வாசித்தது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த நாத்தனார் கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டம்ளர் இருந்தது. தெருமுனை பர்கர் கடையில் வாங்கிய ஸ்ட்ராபெரி ஸ்மூத்தி. ஸ்பீக்கரக்கா ஸ்ட்ராவைக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்த சந்தில் செருகி உறிஞ்சினாள். ஜில்லென்று இனிப்பும் புளிப்புமாக உள்ளே இறங்கியது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டம்ளரின் அடி தெரிகிற வரைக்கும் நிமிரவே இல்லை.

அதற்கப்புறம்தான் தெரிந்தது, ஸ்ட்ராபெரியின் பொடி விதையெல்லாம் கம்பிக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நாக்கு நுனிக்கு எட்டாது, வாய் கொப்பளித்தாலும் அசையாது. நாத்தனார் மேஜை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக எடுத்தாள். லென்ஸ் பிடித்துப் பழகிய கை, பதறவில்லை. பின்பக்க விதை ஒன்று மட்டும் சிக்கவில்லை.

"கொஞ்சம் வாயைத் திறங்க அண்ணி" என்றாள்.

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. நாத்தனார் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஸ்பீக்கரக்கா மூக்கால் சிரித்தாள். தாடை வலித்தது, இருந்தும் நிறுத்த முடியவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் நேராகக் கடைக்கே போக ஆரம்பித்தார்கள். ஜன்னலோர மேஜை. கவுன்டரில் நிற்கும் பெண் எப்போதும் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருப்பாள். போன் பேசுவதைக் கேட்டு முதல் நாள் திகைத்தவள், பிறகு பழகிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு ஸ்மூத்தி. புளூபெரி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தோல் ஸ்ட்ராவை அடைத்தது. அன்னாசியில் நார். ஆப்பிளையும் ஏதோ கீரையையும் சேர்த்து அரைத்த பச்சை ஸ்மூத்தியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஸ்பீக்கரக்கா தட்டினாள். 'புல்தரையில் குப்புற விழுந்த மாதிரி இருக்கிறது' என்று போன் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. பக்கத்து மேஜையில் அதே பச்சையைக் குடித்துக்கொண்டிருந்தவர் தன் டம்ளரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைசியில் மாம்பழம் ஜெயித்தது. விதையில்லை, நாரில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மாம்பழம் முடிவான நாளில்தான் நாத்தனார் பேசினாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

ஸ்பீக்கரக்கா ஸ்ட்ராவை விட்டாள். நூறு கேள்வி தொண்டை வரைக்கும் வந்து கம்பியில் முட்டி நின்றது. போனை எடுக்கப் போனாள்.

"இருங்க. முதல்ல முழுசா கேட்டுடுங்க. நீங்க நடுவுல கேட்டா எனக்கு வராது."

மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். இவளைவிட இரண்டு வயது சின்னவர். முதல் கல்யாணம் முறிந்துவிட்டது, எட்டு வயதில் ஒரு மகள் அவரோடு இருக்கிறாள். கண்ணாடிக் கடைக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் இவள் உள்ளே மாட்டிக்கொண்ட அன்று, வெளியிலிருந்து வேலை பார்த்தவர் அவர். பயப்படாதீங்க, ஏதாவது பேசிட்டே இருங்க என்றாராம்.

"கதவு மூடியிருந்துச்சா, ஆள் முகம் தெரியல. எனக்குப் பேச வந்துடுச்சு அண்ணி. அப்பா செத்ததுலேருந்து கடை முதலாளியோட குறட்டை வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கதவு திறந்தப்ப அவரைப் பாக்கவே வெக்கமா போச்சு."

ஸ்பீக்கரக்கா இப்போது தட்டினாள். 'இதையெல்லாம் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?'

"உங்ககிட்ட சொன்னா அன்னைக்கே அண்ணா காதுக்குப் போயிடும். அண்ணாகிட்ட நான்தான் சொல்லணும். இப்பன்னா உங்களால பேச முடியாது. அந்தத் தைரியத்துலதான் சொல்றேன்."

ஸ்பீக்கரக்காவுக்குச் சுருக்கென்றது. 'தட்டலாமே. யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாமே' என்று போன் சொன்னது.

"அனுப்பலாம். ஆனா தட்டி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும்ல."

ஸ்பீக்கரக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். மிச்சமிருந்த ஸ்மூத்தியைக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கை அரித்தது. ஆபீஸ் தோழிக்கு 'ஒரு விஷயம் தெரியுமா' என்று தட்டினாள். அழித்தாள். கணவருக்கு 'உங்கள் தங்கை' என்று தொடங்கினாள். அதையும் அழித்து, 'ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டு அனுப்பினாள். இப்படி எத்தனை நாள் அழித்தாள் என்பதற்குக் கணக்கில்லை. விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருப்பது பசியைவிடப் பெரிய பாடாக இருந்தது.

அடுத்த ஞாயிறு லிஃப்ட்காரர் கடைக்கு வந்தார். தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் கிரீஸ். அண்ணிக்கு முன்னால் உட்கார்ந்ததும் பதற்றத்தில் மெனுவைப் பார்க்காமலேயே கை காட்டி, பச்சை ஸ்மூத்தியை வாங்கி வந்துவிட்டார். முதல் வாயிலேயே முகம் கோணியது. ஆனாலும் மரியாதைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருந்தார்.

ஸ்பீக்கரக்கா தட்டினாள். முதல் மனைவி ஏன் போனாள், மகளுக்கு இது தெரியுமா, இவளை ஒழுங்காக வைத்துக்கொள்வீர்களா என்று நீளமான கேள்வி. விரல் தடுமாறி அழித்து அழித்துத் தட்டினாள். மற்றவர்கள் என்றால் இந்நேரம் பாதியில் புகுந்து பதில் சொல்லியிருப்பார்கள், இல்லை எட்டிப் பார்த்திருப்பார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். போன் வாசித்து முடித்த பிறகே வாயைத் திறந்தார்.

"அவளுக்கும் எனக்கும் ஒத்துப்போகலைங்க. தப்பு ரெண்டு பக்கமும் இருந்துச்சு. பொண்ணுக்குத் தெரியும், ஆனா அவளுக்கு இன்னும் பிடிக்கல. நல்லா வெச்சுக்குவேனான்னா... பாத்துக்குவேங்க. வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

'அந்தப் பச்சையைக் குடிக்காதீர்கள்' என்றது போன்.

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் தன் மாம்பழ ஸ்மூத்தியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

கம்பியைப் பிரித்த வாரத்திலேயே கணவர் ஊர் திரும்பினார். ஸ்பீக்கரக்காவின் வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. பேச அது போதும். காலையிலிருந்து டாக்ஸி கம்பெனியில் ஒருவர் விடாமல் போன் போட்டுப் பேசியாகிவிட்டது. ஒரு விஷயத்தை மட்டும் தொடவில்லை.

மதியம் மூவரும் பர்கர் கடைக்குப் போனார்கள். கணவர் பெரிய பர்கராக வாங்கி ஆசையாகக் கடித்தார். நாத்தனார் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "அண்ணா" என்றாள். அவர் நிமிர்ந்ததும், "ரோடெல்லாம் எப்படி இருந்துச்சு?" என்றாள். ரோட்டைப் பற்றி அவர் விவரமாகச் சொன்னார். அது முடிந்ததும் லாரியைப் பற்றிக் கேட்டாள்.

மேஜைக்கடியில் ஸ்பீக்கரக்காவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "அண்ணி, நீங்களே சொல்லிடுங்களேன்" என்றாள் மெல்ல.

சொல்வதற்கு வாய் துடித்தது. நாலே வார்த்தையில் முடிந்துவிடும். ஸ்பீக்கரக்கா தாடையைத் தடவிக்கொண்டாள்.

"எனக்கு வாய் வலிக்குது."

கணவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "காலையிலேருந்து பேசிட்டுதானே இருந்தே?"

"அதான் வலிக்குது."

கவுன்டருக்குப் பின்னால் மெஷின் பழத்தை அரைத்து ஓய்ந்தது. நாத்தனார் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அவர் தட்டிலிருந்த பர்கரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டது, லிஃப்ட்காரரின் வயது, அவர் மகள், எதையும் பூசி மெழுகவில்லை. அவளால் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேச முடியும் என்பதே அண்ணனுக்குப் புதுச் செய்தி.

அவர் பர்கரைக் கீழே வைத்தார். மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்போலேருந்து?"

"கம்பி கட்டியிருந்தப்போவே."

"நீயா? தெரிஞ்சுக்கிட்டு சொல்லாம இருந்தியா?" தங்கையின் கல்யாணத்தைவிட இதுதான் அவரை ஆட்டிவிட்டது போலிருந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். பிறகு தங்கையிடம் கேட்டார், "அந்தப் பொண்ணு உன்ன ஏத்துக்கலைன்னா என்னம்மா பண்ணுவே?"

"தெரியாதுண்ணா. போகப் போகத்தான் பாக்கணும்."

அவருக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லு. நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

பேசினார். ஒருமுறைக்கு மூன்று முறை பேசினார். இரண்டு மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஸ்பீக்கரக்காவும் ஒருத்தி. டாக்ஸி கம்பெனியிலிருந்து அழைக்காமலேயே ஏழெட்டு டிரைவர்கள் வந்திருந்தார்கள். விஷயத்தைச் சொல்லலாம் என்று நாத்தனார் அனுமதி கொடுத்த நாளிலேயே அது ஊரைச் சுற்றி வந்துவிட்டிருந்தது. அந்தச் சிறுமி புது உடுப்பில் அப்பாவின் கையை விடாமல் நின்றாள். நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாரும் அவளை வற்புறுத்தவில்லை, பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு நன்றாக வரும்.