பேனரில் ஒரு பட்டதாரி

எழில்மொழிக்கு விடை தெரியாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: தன் வீட்டில் பட்டதாரி யார்?

முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டு அவள் போட்ட விண்ணப்பம், 'குடும்பத்தில் பட்டதாரி உள்ளார்' என்று இரண்டாம் முறையும் திரும்பி வந்திருந்தது. அந்தச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கலந்தாய்வில் சேருகிறவர்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இல்லாவிட்டால், குத்தகை நிலத்தில் நெல் போடும் அப்பா சாமிதுரையால் கட்ட முடியாது; படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி.

நிபந்தனை எளியது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் அவள் குடும்பம் அப்பழுக்கற்றது. அப்பா எட்டாம் வகுப்பு. அம்மா பத்தாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை. அண்ணன் வளவன் எஞ்சினியரிங் காலேஜுக்குப் போனான். அரியர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்து திருத்துறைப்பூண்டியில் செல்போன் கடை வைத்துவிட்டான்.

விண்ணப்பம் முதலில் போவது கிராம நிர்வாக அலுவலரிடம். அவர் விசாரித்துப் பரிந்துரைத்தால்தான் மேலே நகரும். நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்திருந்த வி.ஏ.ஓ. அரவிந்தனை எழில்மொழி அங்கேயே பிடித்தாள்.

"எங்க வீட்ல யாரு சார் பட்டதாரி?"

"அதோ படுத்திருக்காரே, அவருதான்."

அவர் காட்டிய இடத்தில் அப்பாவின் கோடை நெல் குவிந்திருந்தது. மழைக்குப் பயந்து அதன்மேல் வளவனின் கல்யாண பேனரைப் போர்த்தியிருந்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நெஞ்சுக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'வளவன் பி.இ.'

"அந்தப் பேனருக்குக் கீழ உக்காந்து சாப்பிட்டவன்மா நான். இல்லைன்னு எப்படி எழுதுறது?"

"பேனர்ல எல்லாரும் போட்டுக்கிறதுதானே சார்!"

"அப்ப இல்லைன்னு காட்ட பேப்பர் கொண்டா."

வீட்டில் வளவன் ஒரேயடியாக மறுத்தான். "சீர்காழில மாமனாரு என்னை எஞ்சினியர்னுதான் நாலு பேர்கிட்ட சொல்லிட்டிருக்காரு. ஃபெயிலுன்னு நானே பேப்பர் வாங்குனா மானம் போயிடும்."

"நெல்லு மேல மல்லாந்து கிடக்கிறப்ப போகலையாண்ணே?"

அண்ணி செந்தாமரை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கப்பா உங்க காலேஜ்ல விசாரிச்சுட்டுத்தாங்க பொண்ணு கொடுத்தாரு. கடை நல்லா ஓடுதுன்னு கொடுத்தாரு. எஞ்சினியர்னு சொல்லிக்கிறது அவரு மானத்துக்கு."

வளவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அப்ப யாருமே நம்பலையா?"

"வி.ஏ.ஓ. சார் நம்புனாருண்ணே," என்றாள் எழில்மொழி.

மறுநாள் வளவன் பழைய காலேஜுக்குப் பஸ் ஏறினான். சாமிதுரை பேனரைப் புரட்டி, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி போர்த்தினார். அரியர்கள் தெரியும் மதிப்பெண் பட்டியலையும், வளவன் இன்னும் பட்டம் பெறவில்லை என்று காலேஜ் தந்த கடிதத்தையும் சேர்த்து மூன்றாம் முறை விண்ணப்பித்தார்கள். அரவிந்தன் பரிந்துரைத்தார், சான்றிதழ் வந்தது.