சோபெலுக்குப் போக வேண்டிய கடிதம்

1

டெல்பர்ட் கொடுக்க வேண்டியிருந்தது எழுபத்து மூன்று சென்ட். ஒரு ஸ்டாம்பின் விலை. இந்தக் கதையே அந்த ஸ்டாம்பிலிருந்துதான் கிளம்பியது. பாதி பிரித்த கூரை ஒன்றின் மேல், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவன் என்னிடம் சொன்னான். "யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றும் சொன்னான். உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே கூரை வேலை. நாற்பது தாண்டியபின் ஒரே நூலக வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஓஹையோவின் மாலை வெயில் சமையலறை ஜன்னலில் பொன்னாய் வழிந்து...'

வேண்டாம். அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது பக்கத்து வீட்டு கராஜ் சுவர்.

டெல்பர்ட் பேஸ்பால் அட்டை சேர்ப்பவன். ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டை, ஒரு கடிதம், தன் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய காலிக் கவர், இந்த மூன்றையும் ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களின் வீட்டுக்கு அனுப்புவான். மனசு இருப்பவர்கள் அட்டையில் கையெழுத்துப் போட்டு அந்தக் கவரிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

கடிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். வகுப்பில் டீச்சர் திருத்திக் கொடுத்தது. 'ஆட்டக்காரர்களிலேயே எனக்கு உங்களைத்தான் மிகவும் பிடிக்கும். சின்ன வயதில் நானும் அப்பாவும் ரேடியோவில் உங்கள் ஆட்டத்தைக் கேட்போம்.' பெயரை மட்டும் மாற்றி, மீதியைப் பார்த்துப் பார்த்து எழுதுவான். அதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும்.

(அடிக்குறிப்பு: டெல்பர்ட் வீட்டில் ரேடியோ இருந்தது. அப்பா இல்லை.)

3

மார்ச்சில் இரண்டு கடிதம் எழுதினான். ஒன்று சோபெல் என்ற பந்து வீச்சாளருக்கு. மற்றது, அதே அணியில் அவர் வீசிய பந்தைப் பிடித்த க்ரேஸுக்கு. கவரில் போடும்போது கடிதங்கள் இடம் மாறிவிட்டன. போதாததற்கு, க்ரேஸுக்கு வைத்த காலிக் கவரில் ஸ்டாம்பு ஒட்டவும் மறந்துவிட்டான்.

கவர் திரும்பி வந்தது. அவன் எப்போதும் ஒட்டுவது கொடி ஸ்டாம்பு. இதில் க்ரேஸ் தன் காசில் ஒட்டிய வாத்து ஸ்டாம்பு.

"வாத்து ஒட்டி வந்திருக்கு" என்றாள் நெல்டா, அவன் மனைவி. "எவ அவ?"

"எண்பது வயசுக் கிழவன். பொறாமைப்பட்டுக்கோ."

உள்ளே கையெழுத்திட்ட அட்டை. கூடவே ஒரு துண்டுக் காகிதம்:

'தம்பி, எனக்கு வந்தது சோபெலுக்குப் போக வேண்டிய கடிதம். அவனுக்குப் போன் போட்டேன். என்னோடது அவன் கையில இருந்துது. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படிச்சோம். பேரைத் தவிர ஒரு வார்த்தை மாறல. சோபெல் சிரிச்சு சிரிச்சு இருமினான். நீ ஒருத்தர் ஆட்டத்தையும் கேட்டதில்லைன்னு சொல்றான். நான் பந்தயம் கட்டியிருக்கேன். பெரிய அணிக்கு நான் ஆடினது மொத்தமே பதினோரு ஆட்டம். நீயும் அப்பாவும் அதுல ஒண்ணாவது கேட்டிருப்பீங்க. எதுன்னு எழுது. க்ரேஸ்.'

நெல்டாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

"எழுது" என்றாள்.

"என்னன்னு எழுத?"

"கேட்கலன்னு எழுது."

"அதுக்கு டீச்சர் கடிதம் எதுவும் தரலியே."

4

இந்த இடத்தில் டெல்பர்ட் மேஜையில் தலை கவிழ்த்து அழுவதாக எழுதியிருந்தேன். கூரையில் வைத்து அவனிடம் படித்துக் காட்டினேன்.

"நான் எங்கடா அழுதேன்?"

"கதைக்கு வேணும்டா."

"உன் கதைக்கு நீ அழு. நான் தட்டு கழுவினேன். கழுவின தட்டையே திருப்பிக் கழுவினேன், அவ முகத்தைப் பாக்க முடியாம. அதை எழுது."

எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்றவன்தான் அதையும் சொல்லிக் கொடுத்தான். படித்துக் காட்டிய எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

5

முடிவு ஒன்று: பழைய ஆட்ட விவரங்களைத் தேடி, பதினொன்றில் ஒன்றைப் பொறுக்கி எழுதுகிறான். பந்தயத்தில் க்ரேஸுக்கு ஜெயம். டெல்பர்ட் அந்த அட்டையைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், சாகும்வரை.

முடிவு இரண்டு: உள்ளதை எழுதுகிறான். ஜெயிப்பது சோபெல். ஒரு கிழவர் போனைக் கீழே வைத்துவிட்டு, இருட்டும்வரை அந்த...

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். பார்த்து எழுத எதுவும் இல்லாமல் டெல்பர்ட் தன் முதல் கடிதத்தை எழுதினான். அந்த வாரம் முழுவதும் அடித்து அடித்து எழுதினான். ஸ்டாம்புக் கடனுக்காக மூன்று கால் டாலர் காசுகளை, மொத்தம் எழுபத்தைந்து சென்ட், ஒரு அட்டைத் துண்டில் டேப் போட்டு ஒட்டினான். திரும்பி வரும் கவரில் கொடி ஸ்டாம்பு இருக்கிறதா என்று நெல்டா இரண்டு தடவை பார்த்தாள்.

அந்தக் கவர் வந்தது. உள்ளே, அதே மாதிரி டேப் போட்டு ஒட்டிய இரண்டு சென்ட்.

'ஸ்டாம்புக் கணக்கு தீர்ந்துது, இந்தா மீதி. பந்தயத்தை நானும் சோபெலும் தள்ளுபடி பண்ணிட்டோம்.'

"அப்படி என்னடா எழுதின?" என்று கேட்டேன்.

"ஆணியை எடு" என்றான்.

அதனால் அந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். பார்த்து எழுத என்னிடமும் எதுவும் இல்லை.