குளியலறை மெஷினில் ஒரு கேம்பர்

ஆஸ்திரேலியாவில், மில்டுராவில் ஆரஞ்சு பேக்கிங் ஷெட் ஒன்றில் பல வருடம் இரவு ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் காலை வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவன் அப்படியே தூங்கிப்போனேன். பின்னால் இருந்தவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பினான். அன்றைக்கே வேலையை விட்டேன். யாரும் அழவில்லை, யாரும் கேக் வெட்டவில்லை. ஃபோர்மேன் ஸ்லாவ்கோ மட்டும், "திரும்பி வருவே பாரு" என்றான்.

அவன் சொன்னது பலித்துவிடும் போலத்தான் இருந்தது.

காரணம் ஒரு கேம்பர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற வண்டி. இரண்டே சக்கரம், இரும்புப் பெட்டி, மூடியைத் திறந்தால் கூடாரமாக விரியும், பக்கவாட்டில் இழுத்தால் அடுப்பு வரும். அடுத்த தெருக்காரர் மலிவாகக் கொடுத்தார், வாங்கிவிட்டேன். என் மனைவி நரெல்லுக்கு ஐர் ஏரிக்குப் போக வேண்டும். பெரும்பாலான வருடங்களில் அது ஏரியே இல்லை, வெறும் உப்புத் தரை. இந்த வருடம் வடக்கே கொட்டிய மழை ஆறுகளில் இறங்கி ஏரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெலிக்கன்கள் வந்திறங்கியதை டிவியில் காட்டினார்கள். வெயில் காலம் வந்தால் தண்ணீர் போய்விடும். அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நரெல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே இடம் அது.

எங்களிடம் இருப்பது ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார். கேம்பரின் மொத்த எடையை அது சிரமமில்லாமல் இழுக்கும். ஆனால் கணக்கு அத்தோடு முடிவதில்லை. கேம்பரின் மூக்கு காரின் கொக்கி மேல் உட்கார்ந்து அழுத்துகிறதே, அதற்கும் ஒரு வரம்பு உண்டு. எங்கள் வேகனுக்கு அது நூற்றிருபது கிலோ என்று கொக்கியில் பதித்த தகட்டில் இருக்கிறது. தாண்டினால் காரின் பின்பக்கம் உட்காரும், முன்பக்கம் தூக்கும், சரளை ரோட்டில் ஸ்டியரிங் பேச்சுக் கேட்காது.

சனிக்கிழமை காலை நரெல் பவுலிங் கிளப் சமையலறை வேலைக்குப் போனதும் என் மச்சான் நெவ் வந்தான். நரெல்லின் தம்பி. புல்வெட்டும் மெஷின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு பெரிய டீசல் யூட் இருந்தது, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி வைத்த வண்டி. அதை என் தலையில் கட்ட ஒரு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"மச்சான், எடை போட்டுப் பாத்துடுவோம். அப்புறம் நீயே சொல்லுவே, நெவ், சாவியக் குடுடான்னு" என்றான்.

ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குளியலறை எடை மெஷினை எடுத்து வந்து வாசல் சிமெண்ட் தளத்தில் வைத்தேன். வட்ட முகம், சிவப்பு முள், நூற்றைம்பது வரை காட்டும். அதன் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கேம்பரின் மூக்கை மெதுவாக அதன் மேல் இறக்கினேன். பயணத்துக்கு ஏற்ற வேண்டிய எல்லாம் ஏற்கெனவே ஏற்றியிருந்தது. குளிர்பெட்டி, கேஸ், தண்ணீர் கேன்கள், நரெல்லின் மடக்கு நாற்காலிகள்.

முள் நூற்று முப்பத்தெட்டில் நின்றது.

நெவ் குனிந்து பார்த்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டினான். "ஐயோ பாவம்" என்றான். குரலில் பாவம் எதுவும் இல்லை.

நகர்த்த முடிந்ததை எல்லாம் அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினேன். நூற்று முப்பத்திரண்டு. அதற்குக் கீழே இறங்கவில்லை. கேஸ் பெட்டியும் குளிர்பெட்டியும் மூக்கிலேயே போல்ட் அடித்துப் பொருத்தியவை.

"தண்ணிக் கேன எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடேன். தானா மூக்கு லேசாயிடும்" என்றான் நெவ், அரைமனதாக.

"தள்ளிட்டு? ரோட்டுல பாம்பு மாதிரி நெளியும். புரோக்கன் ஹில் ரோட்டுல ஒருத்தன் அப்படித்தான் உருண்டான். நான் பாத்தேன்."

"அதான் சொல்றேன், என் யூட்ட எடுத்துக்க. மூணரை டன் இழுக்கும். இந்தக் கேம்பர் பின்னாடி இருக்கிறதே அதுக்குத் தெரியாது. முன்னாடி மோதல் தாங்குற இரும்புக் கம்பி இருக்கு, மாட்டிக்கிட்டா இழுக்க விஞ்ச் இருக்கு, மேல ஸ்டீல் ரேக் இருக்கு. கங்காரு வந்து மோதினா கங்காருதான் மன்னிப்புக் கேக்கணும்."

"விலையைக் கொஞ்சம் குறைக்கலாம்ல?"

"சொந்தக்காரன்ட்ட பேரம் பேசினா உறவு கெட்டுடும் மச்சான்."

என்னிடம் அந்தப் பணம் இல்லை. வேகனை விற்றால் கால்வாசி தேறும். மீதிக்கு ஒரே வழி ஷெட். ஸ்லாவ்கோ ஆள் தேடிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைக்குள் சொல்லு, ஒரு வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தான். ஒரு வருடம் இரவில் விழித்திருந்து, பகலில் ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டித் தூங்கி, கடனை அடைத்து முடிக்கும்போது கையில் யூட் இருக்கும். ஏரியில் தண்ணீர் இருக்காது.

ஆனால் நூற்று முப்பத்திரண்டை வைத்துக்கொண்டு அந்த ரோட்டில் நரெல்லை ஏற்றிக்கொண்டு போக முடியாது. கேம்பரை விற்றுவிடலாம் என்றும் யோசித்தேன். அவள் ஏற்கெனவே அதற்குத் திரைச்சீலை தைத்திருந்தாள்.

நரெல் மதியம் வந்தாள். கிளப்பில் மிஞ்சிய சாசேஜை ரொட்டித்துண்டில் சுருட்டி நெவ்வுக்குக் கொடுத்தாள். எனக்கு ஒரு டப்பா நிறைய கீரையும் வெள்ளரிக்காயும். நாங்கள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அப்படி. டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கத்திய நாளில், நூறு கிலோவுக்குக் கீழே போனால் சனிக்கிழமைகளில் இறைச்சி அடைத்துச் சுட்ட மீட் பை ஒன்று தின்னலாம் என்று முடிவானது. இரண்டு வருடமாக நூற்றைந்தில் நிற்கிறேன். என்ன பட்டினி கிடந்தாலும் நூற்றைந்து. கிளினிக்கில் ஒரு தடவை ரொம்பக் குறைவாகக் காட்டியது. அவர்கள் மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் சாவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் நரெல்.

"வேகன் தாங்காது. மூக்கு பாரம் ரொம்ப ஜாஸ்தி. நெவ்வோட யூட்ட வாங்கிக்கப் போறேன்" என்றேன்.

"எதை வெச்சு வாங்குவே?"

"ஸ்லாவ்கோ கூப்பிடுறான். ஒரு வருஷம்தான்."

அவள் கையிலிருந்த டவலைத் தோளில் போட்டாள். நான் போனை எடுத்து ஸ்லாவ்கோவின் எண்ணைத் தேடினேன். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும்.

"எதுல எடை போட்டீங்க?" என்று கேட்டாள்.

"வேற எதுல? நம்ம பாத்ரூம் மெஷின்லதான்."

அவள் திரும்பித் தன் தம்பியைப் பார்த்தாள். நெவ் சாசேஜை வாயில் வைத்தவன் கடிக்காமல் அப்படியே இருந்தான்.

"நெவ். நீ கூடவே இருந்தியா?"

"இருந்தேன்."

"பாத்துக்கிட்டு சும்மா இருந்தியா?"

"யாரும் எங்கிட்ட எதுவும் கேக்கலையே" என்றான்.

"எருமை" என்றாள் அவள். பிறகு என்னிடம், "கெல், போனைக் கீழ வை" என்றாள்.

"ஏன்?"

"வைன்னா வை. அந்த மெஷின் பொய் சொல்லுது. நாங்கதான் சொல்ல வெச்சோம்."

எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ தொண்ணூத்தெட்டுக்கு வந்தே, ஞாபகம் இருக்கா? அந்த வாரமே தினம் ஒரு பை தின்னே. பேக்கரிக்காரி எங்கிட்ட சொல்லிட்டா. அதான் இவன்கிட்ட கொண்டுபோய் உள்ள இருக்கிற ஸ்பிரிங்க மாத்தினேன். முள் சும்மா இருக்கும்போது சைபர்ல நிக்கும், ஏறி நின்னா கூடக் காட்டும். நீ மறுபடி இறங்கினே. மறுபடி மாத்தினோம்."

"எத்தனை தடவை?"

"மூணு" என்றான் நெவ். தொழில் பெருமை அவனை விடவில்லை. "கடைசி ஸ்பிரிங் ஒரு ஹோண்டா புல்வெட்டியோடது."

கோபம் வந்திருக்க வேண்டும். நானும் அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன், வரவில்லை. இரண்டு வருடக் கீரை நினைவுக்கு வந்தது. நடுவில் இரண்டு கிறிஸ்மஸ், இரண்டு பிறந்தநாள். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரிய வேண்டியது வேறு.

"எவ்வளவு கூடக் காட்டுது?"

இருவருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து போய் கேம்பரிலிருந்து இருபது லிட்டர் தண்ணீர் கேனை இறக்கினேன். தண்ணீர் இருபது கிலோ, பிளாஸ்டிக் கேன் ஒரு கிலோ. மெஷினில் வைத்தேன். முள் இருபத்தைந்தில் நின்றது. இரண்டாவது கேனையும் வைத்தேன். ஐம்பது.

வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். ஆறு கிலோ காட்டினால் உண்மையில் ஐந்து. நூற்று முப்பத்திரண்டு என்றால் நூற்றுப் பத்து.

"நூத்திப் பத்து. பத்து கிலோ மிச்சம் இருக்கு" என்றேன் சத்தமாக.

நரெல் தோளிலிருந்த டவலால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

நெவ் இன்னும் விடவில்லை. "இருந்தாலும் மச்சான், யூட்னா யூட்தான். ஒரு தெம்பு."

"என்ன தெம்பு?" என்று நரெல் அவன் பக்கம் திரும்பினாள். "அந்த வண்டில இரும்பா ஏத்தி ஏத்தி அதோட சொந்தப் பாரத்துக்கே லிமிட்டத் தொட்டுட்டே. கேம்பரை மாட்டி, நானும் இவனும் ஏறி உக்காந்தா அதுவும் கணக்கத் தாண்டிடும். மூணரை டன்னாம், மூணரை டன்! ஆள் இல்லாமலா இழுக்கும்?"

"அது டீலர் சொன்ன நம்பர்."

"டீலர் இழுத்துட்டு வருவானா ஐர் ஏரிக்கு? சாசேஜ் முடிஞ்சுதா? கெளம்பு."

அவன் கிளம்பினான். வாசலில் நின்று, "ஸ்பிரிங்குக்கு நான் காசே வாங்கலைக்கா, அதையும் நெனச்சுப் பாரு" என்றான். அவள் டவலை எறிந்தாள். அவன் மேல் படவில்லை.

ஆனால் புல்வெட்டி ஸ்பிரிங்கையும் என் மனக்கணக்கையும் நம்பிப் பாலைவனத்துக்குள் போக நான் தயாராக இல்லை. சரியான எடை காட்டும் மெஷின் ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஷெட்டில் ஆரஞ்சுப் பெட்டிகளைப் பலகையோடு எடை போடுகிற மெஷின். வருடா வருடம் ஆள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போவான்.

திங்கட்கிழமை காலை கேம்பரை வேகனில் மாட்டி ஷெட்டுக்கு ஓட்டிப்போனோம். நரெல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். கேம்பர் நேராக வந்தது.

இரவு ஷிப்ட் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்த முகங்களை எனக்குத் தெரியும். காலை வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொள்வார்கள். ஒருவன் தன் கார் எங்கே நிற்கிறது என்பதையே மறந்து நடுவில் நின்றுகொண்டிருந்தான். பின்னாலேயே ஸ்லாவ்கோ ஆரஞ்சு மேலங்கியோடு வந்தான்.

"வந்துட்டியா? நான் சொன்னேன்ல! உன் லாக்கர் இன்னும் காலியாத்தான் இருக்கு" என்றான்.

"எடை போட்டுப் பாக்க வந்தேன்."

"எதை?"

"இதோட மூக்கை."

அவன் என்னையும் கேம்பரையும் நரெல்லையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு ஷட்டரைத் தூக்கினான். கேம்பரைக் கழற்றித் தள்ளினோம், தூங்கி வழிந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள். மரக்கட்டையை மெஷினின் இரும்புத் தட்டில் நிறுத்தி, மூக்கை இறக்கினேன். சிவப்பு எண்கள் கொஞ்சம் ஓடித் தடுமாறி நின்றன.

நூற்று ஒன்பது.

நரெல் மூச்சை விட்ட சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நல்ல நம்பரா, கெட்ட நம்பரா?" என்றான் ஸ்லாவ்கோ.

"நல்லது. ஸ்லாவ்கோ, நான் வேலைக்கு வரலை."

"அதச் சொல்லவா என் மெஷின்லயே ஏத்தினே?"

"ஆமாம்."

அவன் திட்டினான். தன் தாய்மொழியில் நீளமாகத் திட்டினான். முடித்துவிட்டு, "ஏரில உண்மையிலேயே தண்ணி இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு" என்றாள் நரெல்.

"போட்டோ அனுப்பு. நான் எங்க போகப் போறேன்."

கேம்பரை இறக்கித் தள்ளிய பிறகு தட்டு காலியாக இருந்தது. நரெல் அதைக் கண்ணால் காட்டினாள். நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஏறி நின்றேன். எண்பத்தொன்பது. ஸ்லாவ்கோவின் ஆள் ஒருவன் கை தட்டினான், ஏன் என்று தெரியாமலே.

வீட்டுக்குப் போகும் வழியில் பேக்கரி முன்னால் நிறுத்தினேன். கேம்பரோடு நிறுத்தியதால் மூன்று கார் இடம் போயிற்று. ஒருவன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும். சனிக்கிழமை வரை காத்திருக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. ஒரு மீட் பை வாங்கி, தக்காளி சாஸ் ஊற்றி, காரில் உட்கார்ந்து பேப்பர் பையைப் பிரித்தேன்.

நரெல் கை நீட்டி அதில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

"நீ பாதி தின்னாப் போதும், கொக்கிக்கு நல்லது" என்றாள்.