அத்தனை விரிப்பும் ஒரே நாளில்

என் வீட்டுக்காரருக்குச் சலவைக்கூடத்தில் 'மொத்தம்' என்று பட்டப்பெயர். சோப்பு ஒன்று வாங்கச் சொன்னால் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருகிற மனிதர். தங்கும் விடுதியின் சலவைக்கூடம் அது. அவர் இயந்திரத்தில், நான் இஸ்திரி மேசையில். சொந்தமாகக் கடை போடலாம் என்று அவர் சொன்னபோது எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன்.

"முதல்ல ஒரு மெஷின் போதுங்க. நல்லா ஓடினா அப்புறம் பெரிசா போடலாம். அதுவரைக்கும் நான் வேலைய விடல," என்றேன்.

"நீ விடலேன்னா என்மேல நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நானும் விட்டுத் தொலைத்தேன்.

வாடகைக் கட்டடத்தில் நாலு பெரிய இயந்திரங்கள் வந்து இறங்கின. விடுதி மேலாளர், முதலில் ஒரு மாடித் துணியை மட்டும் தருகிறேன் என்றார். இவரா கேட்பார்? ஒற்றைக்காலில் நின்று, விடுதியின் வெள்ளைப் படுக்கை விரிப்பு அத்தனையும் வாங்கி வந்து, நாலு இயந்திரத்தையும் ஒன்றாக ஓட்டினார். துணி லேசாக மஞ்சளித்து வந்தது.

"பிளீச்சிங் பத்தல," என்று அள்ளி அள்ளிக் கொட்டினார். அந்தக் கட்டடத்து போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்திருக்கிறது. அதில் பிளீச்சிங் விழுந்தால் கறை இன்னும் இறுகும் என்பது பிறகுதான் தெரிந்தது. விடுதிக் குழாயில் எப்போதும் நல்ல தண்ணீர். தண்ணீரைப் பற்றி நாங்கள் யோசித்ததே இல்லை. விரிப்பெல்லாம் துரு நிறமாகிவிட்டது. ஒரே ஒரு விரிப்பை முதலில் துவைத்துப் பார்த்திருந்தால் போதும்!

கடையை மூடிவிட்டுப் பழைய வேலையைக் கேட்டுப் போய் நின்றோம்.

"ரெண்டு பேருக்கெல்லாம் இடமில்ல. அந்தம்மா மட்டும் வரட்டும்," என்றார் மேலாளர். இவர் தலையை ஆட்டினார்.

மறுநாள் போனால் என் மேசையில் வேறொருத்தி நிற்கிறாள். என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துக் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். எதிரே அந்தத் துரு நிற விரிப்புகள் குவிந்து கிடந்தன. தரை துடைக்கத் துண்டு துண்டாக வெட்ட வேண்டுமாம். சாயங்காலம் வரை வெட்டினேன்.

வீட்டில் அவர் வாசலிலேயே காத்திருந்தார். "என்ன வேலை குடுத்தாங்க?"

"பழைய வேலைதாங்க. இஸ்திரி."

"அப்பாடா," என்றார். "உன் மேசையாவது மிஞ்சிச்சே."

"ஆமாங்க," என்று சொல்லி, கன்றிப்போன விரல்களை மறைத்துக்கொண்டு உள்ளே போனேன்.